வாக்குத்தத்த அட்டையை எப்படி ரசிப்பது?

டிசம்பர் 31 இரவு பத்தரை, பதினொரு மணிக்கெல்லாம் காரியாபட்டி வட்டாரத்துச் சபைகளில் பாயும் நாற்காலியும் நிறைந்துவிடும். அநேக இடங்களில் பீடத்துப் பக்கம் ஒரு தாம்பாளத்தில் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அதில் அச்சாகியிருக்கும் வசனம்தான் அவருக்கு அந்த வருஷத்து வாக்குத்தத்தம். மகளுக்கு வரன் அமையுமா, மகனுக்கு வேலை கிடைக்குமா, வாங்கிய கடன் அடையுமா என்று வருஷம் முழுக்க ஜெபத்தில் கேட்டவர்களுக்கு உள்ளங்கையளவில் ஒரு பதில்.

இதற்கும் கிளி ஜோசியத்துக்கும் என்ன வித்தியாசம் என்று சபைக்குள்ளேயே கேட்கிறவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். பிடித்த வசனம் வரும்வரை மூன்று அட்டை எடுத்துப் பார்க்கிறவர்களைக் கண்டால் அந்தச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? ஆனால் இந்த வழக்கம் வந்த வழி வேறு.

ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் மொரேவிய அகதிகளுக்கு இடம் கொடுத்தவர் ஜின்சென்டார்ப் பிரபு. 1728 மே 3 மாலை, மறுநாள் முழுக்க நினைத்திருக்கும்படி சபையாருக்கு ஒரு வாசகத்தைச் சொல்லி அனுப்பினார். தினம் ஒன்று என அது தொடர்ந்தது. 1731இல் ஒரு வருஷத்துக்கான வசனங்கள் புத்தகமாகவே வந்தன. அந்தப் புத்தகம் இன்றும் வெளிவருகிறது. பழைய ஏற்பாட்டு வசனங்களைச் சீட்டெடுத்துத்தான் தேர்கிறார்கள். கவனிக்க வேண்டியது ஒன்று: அங்கே அந்நாளில் ஊருக்கே ஒரு வசனம். காலையில் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொல்வார்கள். போன வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு மனக்கசப்பு என்பதும் தெரிந்துவிடும். நாம் அதை ஆளுக்கொன்றாகப் பிரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டோம். அதனால் அட்டை எடுத்த கையோடு பக்கத்தில் இருப்பவரிடம், "அக்கா, உங்களுக்கு என்ன வசனம் வந்துச்சு?" என்று கேளுங்கள். பாதி ருசி அதில்தான் இருக்கிறது.

அட்டையில் பனிமலை, அருவி, ஆட்டுக்குட்டி என்று படம் போட்டிருக்கும். கரிசல்காட்டில் நிற்கிறவனுக்கு எதற்குப் பனிமலை என்று நானும் யோசித்ததுண்டு. ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியிடும் சிவகாசி முப்பது மைல் தொலைவுக்குள்தான் இருக்கிறது. ஒரு கண்மாய்க்கரைப் படத்தைப் போட்டால் என்ன? போகட்டும். படத்தை விட்டுவிட்டு, வசனத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் அதிகார எண்ணைப் பாருங்கள். ரசனை அங்கேதான் தொடங்குகிறது.

அடிக்கடி வரும் அட்டை ஒன்று, எரேமியா 29:11. கடவுள் உங்களுக்காக நல்ல எதிர்காலத்தை எண்ணி வைத்திருக்கிறார் என்பது அதன் சாரம். இதைப் படித்துவிட்டு மார்ச்சுக்குள் வேலை கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் பலர். அந்த அதிகாரத்தை வீட்டுக்குப் போய் முழுசாகப் படித்துப் பாருங்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி சொல்லிக்கொண்டிருந்த நேரம். எரேமியாவோ, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்த ஊர் நன்றாக இருக்க ஜெபம் பண்ணுங்கள் என்று எழுதுகிறார். விடுதலைக்கு அவர் சொன்ன கணக்கு 70 வருஷம். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அந்த விடுதலையைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. அவர்களுக்குச் சொன்ன நல்ல வார்த்தை அது! அட்டையில் மூன்று வரியாக வெட்டி வைத்ததைவிட இது எவ்வளவு பெரியது.

மானாவாரி நிலத்துக்காரர்களுக்கு இந்தக் காத்திருப்பு எளிதில் பிடிபடும். ஐப்பசி மழையை நம்பி விதைத்த பருத்தியும் குதிரைவாலியும் டிசம்பர் கடைசியில் காட்டில்தான் நிற்கின்றன. வீடு வந்து சேருமா என்பது தை, மாசியில்தான் தெரியும். வருஷப் பிறப்பு ஆராதனை இங்கே நடப்பது, விளைச்சல் தெரியாத நாளில்.

அட்டைக்கு முன்னால் நடப்பதைத் தவறவிடாதீர்கள். மௌனமாகப் பாவ அறிக்கை செய்யும் சில நிமிஷங்கள், பிறகு சாட்சி. அதில் பெருமையடிப்பும் கலந்துவரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆவியூர்ப் பக்கம் கல்குவாரி வெடிமருந்துக் கிடங்கு வெடித்து 2024 மே 1 அன்று மூன்று பேர் செத்துப்போன வட்டாரம் இது. உயிரோடு இந்த வருஷத்தைக் கடந்தேன் என்று ஒருவர் சொன்னால் அதைச் சம்பிரதாயப் பேச்சாக எடுக்க முடியாது.

சில சபைகளில் உடன்படிக்கை ஜெபமும் இருக்கும். எனக்கு அந்த இரவின் உச்சம் அதுதான். 1755 ஆகஸ்டில் லண்டனில் ஜான் வெஸ்லி தொடங்கிய வழிபாடு. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் வழியாக உருவான சபைகளுக்கு அது சொந்தமில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு இவையும் தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தபோது கிடைத்த சீதனம். நீர் வேலை கொடுத்தாலும் சரி, வேலையில்லாமல் ஒதுக்கி வைத்தாலும் சரி, நான் உம்முடையவன் என்ற பொருளில் சபையே எழுந்து நின்று சொல்லும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டைத் தடைசெய்த பிறகு சிவகாசிப் பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்த டிசம்பர் இரவில், வேலை போன ஒருவர் இந்த வாக்கியத்தைச் சொல்ல எத்தனை முறை எச்சில் விழுங்கியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். இதைச் சொல்லிவிட்டு எடுக்கும் அட்டை ஜோசியம் ஆகாது. என்ன வந்தாலும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதானே எடுக்கிறோம்? யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப்போட்டுத் தேர்ந்த அப்போஸ்தலர்களும் முதலில் ஜெபம்தான் செய்தார்கள்.

கண்டிக்கிற வசனங்களை அட்டையில் யாரும் அச்சடிப்பதில்லை. இது இந்த வழக்கத்தின் பெருங்குறை. மனம் புதிதாக வேண்டும் என்று வருகிறவர்களுக்கு ஆறுதல் மட்டும் போதாது. ஆமோசிலிருந்தும் யாக்கோபு நிருபத்திலிருந்தும் நாலு வசனத்தைத் தாம்பாளத்தில் கலந்து வைத்தால் நன்றாக இருக்கும்; ஆயர்கள் யோசிக்கலாம்.

கிறிஸ்தவர் இல்லாதவர்களும் வரலாம், யாரும் ஏன் வந்தீர்கள் என்று கேட்கமாட்டார்கள். திருவிருந்துக்கு மற்றவர்கள் எழுந்து போகும்போது மட்டும் இடத்திலேயே இருங்கள். கேட்டால் உங்களுக்கும் ஓர் அட்டை கொடுப்பார்கள். முடிய ஒரு மணியைத் தாண்டிவிடும்; ஊர் திரும்ப வண்டிக்கு முன்னமே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.