நீல நாக்கு

ஊக்கமருந்து விவகாரம் ஒன்று வெடித்ததும் கேலிச்சித்திரக்காரர்களில் பாதிப் பேரின் கை ஊசியைத்தான் வரையும். ஒலிம்பிக் வளையம் மாத்திரையாகும், ஓட்டக்காரன் தொடையில் சிரிஞ்சு தொங்கும், படம் முடிந்துவிடும். 1988இல் சியோலில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடிய பென் ஜான்சன் மூன்றே நாளில் தங்கத்தைப் பறிகொடுத்தார். அவரைப் போல அகப்பட்டவனை அடிப்பதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? ஊசிப் படங்களை நான் இரண்டாம் வரிசையில்தான் உட்காரவைப்பேன்.

முதல் வரிசைக்கு பிரெஞ்சுக்காரர்களான கொசின்னியும் உடெர்சோவும் 1968இல் தந்த ஒலிம்பிக் ஆஸ்டெரிக்ஸ் காமிக்ஸ் ஆல்பம் ஒன்றே போதும். முந்தைய ஆண்டுதான் பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் டாம் சிம்சன், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் வான்டூ மலைமேல் சரிந்து இறந்திருந்தார். அவர் உடலில் ஆம்பெட்டமைன் இருந்தது. ஒலிம்பிக்கில் மருந்துச் சோதனை தொடங்கியதும் அதே 1968இல்தான். கதையில் கௌல் கிராமத்தாரின் பலமெல்லாம் ஒரு மந்திரக் கஷாயம். போட்டியில் அதற்குத் தடை. கஷாய அண்டா இருக்கும் இடத்தையும் கதவு பூட்டாமல் கிடப்பதையும் ரோமானியர் காதில் விழும்படி பேசுகிறான் ஆஸ்டெரிக்ஸ். அவர்கள் போய்க் குடித்துவிடுகிறார்கள். ஓட்டத்தில் அத்தனை ரோமானியரும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடுகிறார்கள். கேட்டால் சாதிக்கிறார்கள். நாக்கை நீட்டச் சொன்னால் எல்லா நாக்கும் நீலம்! அண்டாவில் சாயம் கலந்திருந்தது. புகார் சொன்ன ஆஸ்டெரிக்ஸோ ஆயுள் முழுக்க அந்தக் கஷாயத்தில் பிழைத்தவன். ஆல்பத்தின் குறும்பே அங்கேதான்.

பிரெஞ்சுக்காரர்களுக்குப் பொம்மை மரபும் உண்டு. 1998இல் ஃபெஸ்டினா சைக்கிள் அணியின் உதவியாளர் ஒருவர் கார் நிறைய மருந்தோடு பெல்ஜிய எல்லையில் சிக்கினார். அணியின் நட்சத்திரம் ரிஷார் விராங்க் 2000 வரை மறுத்துக்கொண்டே இருந்தார். கனால் பிளஸ் தொலைக்காட்சியின் 'லே கிஞோல்' பொம்மை நிகழ்ச்சி அவரை விடவில்லை. 'என் சுயவிருப்பத்துக்கே தெரியாமல்' என்பதுபோல ஒரு கோணல் சாக்கை அவர் பொம்மையின் வாயில் போட்டது. இன்றும் பிரெஞ்சுப் பேச்சில் அது புழங்குகிறது. ஒரு மனிதரின் மறுப்பு மொத்தமும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. ஆயிரம் ஊசிகளுக்கு அந்த வேலை வராது.

அமெரிக்கக் கார்ட்டூன் தொடரான சவுத் பார்க் வேறு ஆளைப் பிடித்தது. 2012 அக்டோபரில் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் பறிபோயின. மாத முடிவுக்குள் வந்த அத்தியாயத்தில் உதை வாங்கியவர்கள், மணிக்கட்டில் ரப்பர் பட்டை மாட்டிக்கொண்டு புண்ணியம் தேடிய ரசிகர்கள். எனக்கு இந்தக் குறி பிடிக்கும், கொஞ்சம் கூச்சல் ஜாஸ்தி என்றாலும்.

2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் கேலியின் எல்லாப் பள்ளிகளும் தோற்றன. ரஷ்ய ஆய்வகத் தலைவர் ரோட்சென்கோவ் ஸ்டீராய்டை ஆண்களுக்கு விஸ்கியிலும் பெண்களுக்கு வெர்முத்திலும் கரைத்துக் கொடுத்தார். ஆய்வகச் சுவரில் ஒரு துளை போட்டிருந்தார்கள். ராத்திரியில் அதன் வழியே சிறுநீர்ப் புட்டிகள் வெளியே போய், சுத்தமான சிறுநீரோடு திரும்பின. எந்த ஓவியனாவது முதலில் அந்த எலிவளையை வரைந்து கொண்டுபோயிருந்தால், ரொம்பவும் மிகை என்று ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.