முதல் பாகம் இல்லாத இரண்டாம் பாகம்

1979 ஆகஸ்டில் இத்தாலியத் திரையரங்குகளுக்கு 'ஜாம்பி 2' என்றொரு படம் வந்தது. அதை இயக்கிய லூசியோ ஃபுல்ச்சி 'ஜாம்பி 1' எதையும் எடுத்திருக்கவில்லை. முதல் பாகம் என்று பார்வையாளர்கள் எண்ணிக்கொண்ட படம் அமெரிக்கரான ஜார்ஜ் ரொமேரோவுடையது. 'டான் ஆஃப் தி டெட்' என்ற அந்தப் படத்துக்குப் பணம் திரட்டித் தந்தவர்களில் இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜெண்டோ ஒருவர். ரொமேரோ ரோம் நகரில் தங்கித்தான் அதன் திரைக்கதையை எழுதினார். ஐரோப்பாவுக்கான வடிவத்தைத் தொகுக்கும் உரிமை அர்ஜெண்டோவுக்குக் கிடைத்தது. அவர் படத்தைச் சுருக்கி, கோப்ளின் குழுவின் இசையை நிறையச் சேர்த்து, 'ஜாம்பி' என்ற பெயரில் 1978 செப்டம்பரில் இத்தாலியில் வெளியிட்டார். அமெரிக்கர்கள் தங்கள் ஊர்ப் படத்தைப் பார்க்க அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தாலியில் படம் நன்றாக ஓடியது. ஓராண்டு நிறைவதற்குள் 'இரண்டாம் பாகம்' திரைக்கு வந்துவிட்டது.

இத்தாலியத் திரைத்தொழிலில் இது வழக்கமான காரியம். ஸ்டீவ் ரீவ்ஸ் நடித்த ஹெர்குலிஸ் படம் 1958-ல் ஓடியதும் புராண வீரர் படங்கள் வரிசைகட்டின. 1964-ல் செர்ஜியோ லியோனேயின் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' ஓடியதும் நூற்றுக்கணக்கான கௌபாய் படங்கள் பிறந்தன. அதன்பின் கறுப்புக் கையுறை அணிந்த கொலைகாரர்களின் காலம், அதன்பின் போலீஸ் படங்களின் காலம். ஒரு வகை ஓடுகிறவரை அதையே எடுப்பார்கள். ஓய்ந்ததும் அதே இயக்குநர்கள், அதே ஒளிப்பதிவாளர்கள், அதே ஸ்டண்ட்காரர்கள் அடுத்த வகைக்குப் போவார்கள். நம் விநியோகஸ்தர்கள் சி சென்டர் என்று சொல்வார்களே, அந்த மாதிரித் திரையரங்குகள் இத்தாலியின் சிற்றூர்கள் எங்கும் இருந்தன. ஓயாமல் புதுப்படம் கேட்டவை அவைதாம்.

ஜாம்பி படங்கள் வந்த நேரத்தில் அந்தத் திரையரங்குகளே மூடிக்கொண்டிருந்தன. உள்ளூர் அளவில் தனியார் தொலைக்காட்சி நடத்தலாம் என்று 1976-ல் இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரைப்படங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. 1975-ல் ஆண்டுக்கு 50 கோடிக்கும் மேல் விற்ற திரையரங்கு டிக்கெட்டுகள் பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்கின. தொலைக்காட்சி காட்டத் துணியாததைக் காட்டினால்தான் ஆள் வருவார்கள் என்ற நிலை. வெளிநாட்டு விற்பனையை நம்பியே முதல் போட்டார்கள். நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் வசனம் பேசினார்கள், ஒலி முழுவதும் பிறகு டப்பிங்கில் சேர்ந்தது, பலர் ஆங்கிலப் புனைபெயர் வைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு அவசரத்திலும் பற்றாக்குறையிலும் எடுத்த படங்கள் நாற்பது ஆண்டுகள் கடந்தும் ஏன் பார்க்கப்படுகின்றன? அவற்றின் குறைகளைக் கேலி செய்து மகிழத்தான் என்பது வழக்கமான பதில். சில படங்களுக்கு அது பொருந்தலாம். சிறந்தவற்றுக்குப் பொருந்தவே பொருந்தாது. நல்ல காலத்தில் தொழில் கற்ற கைகள் கெட்ட காலத்தில் வேலை செய்ததால் விளைந்தவை அவை. ஈர்ப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது.

'ஜாம்பி 2'வின் பிணங்களுக்கு ஒப்பனை செய்த ஜியான்னெட்டோ டி ரோஸ்ஸி, மூன்றாண்டுகளுக்கு முன்புதான் ஃபெலினியின் 'கஸனோவா'வில் பணியாற்றியிருந்தார். ரொமேரோவின் நடைப்பிணங்களுக்கு முகத்தில் நீலம் கலந்த சாம்பல் சாயம் மட்டுமே. பேரங்காடியில் திரியும் சக மனிதர்களாகவே அவர்கள் தெரிய வேண்டும் என்பது அவர் நோக்கம். டி ரோஸ்ஸி வேறு வழியில் போனார். களிமண்ணை அடுக்கடுக்காக அப்பினார். கண்குழியில் புழுக்கள் நெளிந்தன. பார்ப்பவர் மூக்கில் ஈரமண் வாடை ஏறுகிறது. ரொமேரோவின் பிணங்கள் சமூகத்தைப் பற்றிப் பேசின. ஃபுல்ச்சியின் பிணங்கள் பேசுவது உடலைப் பற்றி மட்டும்: புதைத்த உடல் என்ன ஆகும் என்ற, எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் நினைக்க விரும்பாத விஷயத்தைப் பற்றி.

ஃபுல்ச்சி 1927-ல் ரோமில் பிறந்தவர். மருத்துவம் படித்தவர், பிறகு சினிமாவுக்கு வந்தவர். ஃபிராங்கோ ஃபிராங்கி, சிச்சியோ இங்கிராஸ்ஸியா என்ற நகைச்சுவை இணையை வைத்து வரிசையாகப் படம் எடுத்தார். அத்ரியானோ செலெந்தானோ 1961-ல் பாடிப் புகழ்பெற்ற '24 ஆயிரம் முத்தங்கள்' பாட்டின் வரிகளை எழுதியவர்களில் அவரும் ஒருவர். திகில் படத்துக்கு வந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். 'ஜாம்பி 2'வில் தொடங்கி 1981 ஆகஸ்டுக்குள், அதாவது இரண்டே ஆண்டுகளில், 'சிட்டி ஆஃப் தி லிவிங் டெட்', 'தி பியாண்ட்', 'தி ஹவுஸ் பை தி செமட்ரி' ஆகியவற்றை முடித்தார். இடையில் ஒரு கடத்தல்காரர் படமும் எட்கர் ஆலன் போ கதையைத் தழுவிய ஒரு படமும் வேறு. ஒளிப்பதிவாளர் செர்ஜியோ சால்வாத்தி, தொகுப்பாளர் வின்சென்ஸோ தொமாஸ்ஸி, எழுத்தாளர் தார்தானோ சக்கெத்தி ஆகியோர் நான்கு திகில் படங்களிலும் உடனிருந்தார்கள்.

'ஜாம்பி 2'வைப் பார்த்தவர்களிடம் கேட்டால் இரண்டு காட்சிகளைச் சொல்வார்கள். முதலாவது கடலுக்கடியில் நடக்கிறது. ஒரு பிணமும் ஒரு சுறாவும் சண்டையிடுகின்றன. சுறா உயிருள்ள நிஜச் சுறா. பிணமாக நடித்தவர் ரமோன் பிராவோ, கடலடியில் படமெடுப்பதில் பேர்போன மெக்ஸிகோக்காரர். 'ஜாஸ்' படம் 1975-ல் சம்பாதித்த பணத்தின் நினைவில் சேர்த்த காட்சிதான் அது, சந்தேகமில்லை. ஆனால் நீருக்கடியில் எல்லாமே மெதுவாகிவிடுகிறது. பிணத்தின் நடைவேகமும் கடலின் வேகமும் ஒன்றாகிவிட, வியாபாரக் கணக்கில் பிறந்த காட்சி நம்ப முடியாத அழகு கொள்கிறது. கணினி வரைகலை இல்லாத காலத்தில் ஒரு மனிதர் உண்மையாகவே அந்த மீனைக் கட்டிப்பிடித்தார் என்பதை மறந்துவிட்டு அதைப் பார்க்க முடியாது.

இரண்டாவது, கண். தீவிலுள்ள ஒரு டாக்டரின் மனைவியாக நடித்த ஓல்கா கார்லாத்தோஸின் தலைமுடியைக் கதவைப் பிளந்து வந்த ஒரு கை பற்றி இழுக்கிறது. பிளந்த கதவில் ஒரு மரச்சிம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. கேமரா சிம்பைக் காட்டுகிறது, பிறகு கண்ணை, மறுபடி சிம்பை. வேறு எந்த இயக்குநரும் குத்துவதற்கு முன்பே வெட்டி அடுத்த காட்சிக்குப் போயிருப்பார். ஃபுல்ச்சி போகவில்லை. பார்வையாளர் தம் கண்ணைத் தாமே மூடிக்கொள்ளும்வரை விடுவதில்லை. அருவருப்பூட்டுவது சுலபம், இப்படி நிதானமாகக் காக்க வைப்பதற்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

படத்தின் முடிவும் பற்றாக்குறையின் விளைவே. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் பிணங்கள் நகருக்குள் நடந்து வருகின்றன. போக்குவரத்தை நிறுத்தப் படக்குழுவிடம் வசதி இல்லை. ஆகவே மேலே நடைபாதையில் பிணங்கள் போக, கீழே கார்கள் எப்போதும் போல ஓடுகின்றன. உலகம் அழிகிறது, வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்கவில்லை. பெரிய பட்ஜெட் இருந்திருந்தால் கார்கள் மோதி எரிந்திருக்கும். இந்தத் திகில் கிடைத்திருக்காது. கூடவே ஃபாபியோ ஃப்ரிட்ஸியின் இசை, இதயத்துடிப்புப் போல ஒரே தாளத்தில், அவசரமே இல்லாமல் வருகிறது. அந்த இசையை ஃப்ரிட்ஸி 2013 முதல் மேடைக் கச்சேரிகளில் வாசித்து வருகிறார்.

இவை அமெரிக்கச் சரக்கின் நகல் என்ற குற்றச்சாட்டுக்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. ரிச்சர்ட் மாதெசனின் 'ஐ ஆம் லெஜண்ட்' நாவலை 1964-ல் முதன்முதலாகப் படமாக்கியவர்கள் இத்தாலியர்களும் அமெரிக்கர்களும் சேர்ந்து. 'தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்' என்ற அந்தப் படத்தில் வின்சென்ட் பிரைஸ் தனி மனிதராக ரோமின் ஈயூஆர் பகுதியில் அலைகிறார். முசோலினி கட்டத் தொடங்கிய அந்தப் பகுதியின் வெள்ளைக் கட்டடங்களுக்கு நடுவே, செத்தவர்கள் தள்ளாடியபடி இரவில் அவர் வீட்டைச் சூழ்கிறார்கள். நான்காண்டு கழித்து ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' அந்தக் காட்சிகளுக்கு மிக நெருக்கமானது. மாதெசனின் நாவல் தமக்கு உந்துதல் என்று ரொமேரோவே சொல்லியிருக்கிறார். இன்னொன்று: ரொமேரோ ஜாம்பியை ஹெயிட்டியின் வூடூ மரபிலிருந்து பிரித்து அமெரிக்கக் கிராமத்துக்குக் கொண்டுபோனார். ஃபுல்ச்சி மறுபடி கரீபியத் தீவுக்கே கூட்டிவந்தார். அவர் படத்தில் மண்ணைத் தள்ளிக்கொண்டு எழுகிற பிணங்களில் அத்தீவைப் பிடிக்க வந்த ஸ்பானியப் படைவீரர்களும் உண்டு. காலனிய வரலாறு கல்லறையிலிருந்து எழுகிற அந்தக் காட்சியைப் படம் ஒரு சொல்லாலும் விளக்குவதில்லை.

'தி பியாண்ட்' இந்த வரிசையின் சிகரம். நியூ ஆர்லியன்ஸில் ஒரு பழைய விடுதி, அதன் அடியில் நரகத்தின் ஏழு வாசல்களில் ஒன்று. கதை இவ்வளவுதான், அதுவும் ஒழுங்காகச் சொல்லப்படுவதில்லை. ஜெர்மானிய விநியோகஸ்தருக்கு ஜாம்பிகள் வேண்டும் என்பதால் மருத்துவமனைக் காட்சியில் அவர்களைச் சேர்த்ததாக ஃபுல்ச்சி பின்னாளில் சொன்னார். ஆனால் காரண காரியம் தளர்ந்துபோன இடத்தில்தான் படம் கனவாகிறது. நாயகனும் நாயகியும் மருத்துவமனைப் படிக்கட்டில் இறங்கி ஓடுகிறார்கள். அடி எடுத்து வைப்பதோ விடுதியின் நிலவறையில். எப்படி என்று கேட்கத் தோன்றுவதில்லை, கனவில் யாரும் கேட்பதில்லையே. அங்கிருந்து அவர்கள் போய்ச் சேரும் இடம், படத் தொடக்கத்தில் ஓர் ஓவியர் தீட்டிக்கொண்டிருந்த சித்திரம். பார்வை பறிபோகிறது, படமும் முடிகிறது. கதாநாயகன் தப்பிப்பான் என்ற உறுதியைப் பார்வையாளரிடமிருந்து இவ்வளவு முழுமையாகப் பறித்த திகில் படங்கள் அரிது.

வறுமை தானாகக் கலையாகிவிடாது என்பதற்கும் இதே அலையில் சான்று உண்டு. புரூனோ மாத்தேயின் 'ஹெல் ஆஃப் தி லிவிங் டெட்' (1980) நியூ கினியில் நடப்பதாகக் கதை. படப்பிடிப்பு நடந்ததோ ஸ்பெயினில். இடைவெளியை நிரப்ப, பார்பே ஷ்ரோடர் 1972-ல் நியூ கினியில் எடுத்த படத்திலிருந்து பழங்குடி மக்களின் காட்சிகளை எடுத்து ஒட்டினார்கள். கோப்ளினின் பழைய இசையையும் எடுத்துக்கொண்டார்கள். உண்மையான மனிதர்களின் சடங்குகள் வெறும் பயமுறுத்தும் அலங்காரமாகிப்போன அந்தக் காட்சிகளை இன்று பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. மரினோ ஜிரொலாமியின் 'ஜாம்பி ஹோலகாஸ்ட்' நரமாமிசப் படங்களோடு ஜாம்பியைக் கலந்தது. அதிலும் இதே நோய். பெண்களின் உடலைத் துன்புறுத்துவதில் இந்த வகைப் படங்கள் காட்டிய ஆர்வத்தையும் மறைத்துப் பேச முடியாது. ஃபுல்ச்சியும் அதற்கு விலக்கல்ல.

உம்பெர்த்தோ லென்ஸியின் 'நைட்மேர் சிட்டி' (1980) வேறு ரகம். ராணுவ விமானம் ஒன்று தரையிறங்குகிறது, கதிர்வீச்சால் கெட்டுப்போன மனிதர்கள் கத்தியும் துப்பாக்கியுமாக ஓடி வருகிறார்கள். இவர்கள் ஜாம்பிகளே அல்ல, நோயாளிகள் என்று லென்ஸி கடைசிவரை சாதித்தார். ஓடுகிற ஜாம்பி 2000-க்குப் பிறகு உலகெங்கும் வழக்கமாகிவிட்ட நிலையில், அவர் முந்திக்கொண்டதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆந்த்ரேயா பியாங்கியின் 'பரியல் கிரவுண்ட்' (1981) ரோமுக்கு அருகே ஃப்ரஸ்காத்தியில் ஒரு பழைய மாளிகையில் எடுக்கப்பட்டது. எத்ருஸ்கன் கல்லறையிலிருந்து எழுந்தவர்கள் அரிவாளும் கோடரியும் ஏந்தி, பணக்கார விருந்தினர்கள் மேல் பாய்கிறார்கள். கதை கிட்டத்தட்ட இல்லை, முற்றுகை மட்டும்தான். அந்த ஒற்றை நோக்கமே படத்துக்கு ஒரு வேகத்தைத் தருகிறது.

பிரிட்டனில் இந்தப் படங்கள் வேறொரு வாழ்க்கை வாழ்ந்தன. வீடியோ கேசட் பரவிய 1980-களின் தொடக்கத்தில் பத்திரிகைகள் 'வீடியோ நாஸ்டி' என்று கூக்குரலிட்டன. அரசு வழக்குத் துறை தயாரித்த பட்டியலில் மொத்தம் 72 படங்கள் இடம்பெற்றன. ஃபுல்ச்சியின் மூன்று படங்கள் அதில் இருந்தன. 1984-ல் வீடியோவுக்கென்றே தணிக்கைச் சட்டம் வந்தது. நகலின் நகலின் நகலாக, நிறம் மங்கி, இரகசியமாகக் கைமாறிய கேசட்டுகளில் ஒரு தலைமுறை இவற்றைப் பார்த்தது. தடைதான் புகழுக்குக் காரணம் என்பார்கள். அந்தத் தலைமுறைக்கு அது சரி. ஆனால் இன்று கடையில் 4கே வட்டாகவே கிடைக்கும்போதும், தெளிந்த படத்தில் சால்வாத்தியின் மஞ்சள் ஒளியும் புழுதியும் முன்னைவிட நன்றாகத் தெரிவதால் மதிப்பு கூடித்தான் இருக்கிறது.

இரத்தம் பிடிக்காதவர்களுக்கும் இந்த மரபில் ஒரு படம் உண்டு. பூபி அவாத்தியின் 'ஸெடெர்' (1983). ஒரு எழுத்தாளர் பழைய தட்டச்சு இயந்திரம் ஒன்றைப் பெறுகிறார். அதன் நாடாவில் முந்தைய உரிமையாளர் அடித்த எழுத்துகள் பதிந்திருக்கின்றன: சில நிலங்களில் புதைத்தால் செத்தவர் திரும்புவார் என்ற ஆராய்ச்சிக் குறிப்பு. அட்ரியாட்டிக் கடற்கரையில் பாசிச ஆட்சிக் காலத்தில் குழந்தைகளுக்காகக் கட்டிக் கைவிட்ட ஒரு விடுமுறை இல்லத்தில் கதை முற்றுகிறது. பிணங்களை அவாத்தி அதிகம் காட்டுவதே இல்லை. தேடிப் பார்க்க வேண்டிய படம்.

அலை 1980-களின் நடுவிலேயே தணிந்துவிட்டது. 1988-ல் பிலிப்பைன்ஸில் 'ஜாம்பி 3' எடுக்கப் போன ஃபுல்ச்சி நோயுற்றுத் திரும்ப, மாத்தேயும் கிளாவ்தியோ ஃப்ரகாஸ்ஸோவும் மீதியை முடித்தார்கள். ஃபுல்ச்சி 1996-ல் இறந்தார். அதற்கு இரண்டாண்டு முன்பு மிக்கேலே சோவாவி 'டெல்லாமோர்த்தே டெல்லாமோரே'வை எடுத்திருந்தார். 'சிட்டி ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில் பலியாகிறவர்களில் ஒருவராக நடித்தவர் இந்த சோவாவி. 'டிலன் டாக்' காமிக்ஸைப் படைத்த டிட்சியானோ ஸ்க்ளாவியின் நாவல்தான் மூலம். புதைத்த ஏழாம் நாள் எழுந்து வருபவர்களை மறுபடி கொன்று புதைப்பது ஒரு கல்லறைக் காவலருக்கு அன்றாட அலுவலகப் பணியாகிவிட்டதைச் சொல்லும் படம். ரூபர்ட் எவரெட் அந்தக் காவலராக, அலுப்பும் காதலும் கலந்த முகத்தோடு நடித்தார். அதன்பின் சோவாவி தொலைக்காட்சிக்குப் போய்விட்டார். 

புதிதாகப் பார்க்க விரும்புகிறவர் 'தி பியாண்ட்'டிலிருந்து தொடங்கலாம். ஒரு எச்சரிக்கை: அமெரிக்காவில் 1983-ல் 'செவன் டோர்ஸ் ஆஃப் டெத்' என்று பெயர் மாற்றி வெளியிட்டபோது காட்சிகளை வெட்டினார்கள், ஃப்ரிட்ஸியின் இசையையே அகற்றி வேறு இசை சேர்த்தார்கள். முழு வடிவம் அங்கே திரைக்கு வந்தது 1998-ல், குவென்டின் டாரன்டினோவின் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்டபோதுதான். பார்க்க வேண்டியது அந்த முழு வடிவத்தை.