டேவிட் போவி: விண்வெளியும் சந்தையும்

விஞ்ஞானப் புனைகதையை வெறும் தப்பியோடலாகக் கருதி ஒதுக்கும் போக்கு முற்போக்கு விமர்சகரிடையேயும் உண்டு. ஆங்கில றொக் இசைக் கலைஞர் டேவிட் போவியின் (1947–2016) படைப்புகள் இக்கருத்தை மீள்பரிசீலனை செய்யுமாறு நம்மை வேண்டி நிற்கின்றன.

அப்பலோ 11 சந்திரனில் இறங்குவதற்கு ஒன்பது நாள்களின் முன்னர், 1969 யூலை 11இல், அவரது 'ஸ்பேஸ் ஒடிட்டி' வெளிவந்தது. தொழினுட்ப வெற்றியைக் கொண்டாட உலகம் காத்திருந்த வேளையில், பூமியுடன் தொடர்பறுந்து மிதக்கும் தனிமனிதனையே அப்பாடல் முன்னிறுத்தியது. 'த மான் ஹூ ஃபெல் டு ஏர்த்' (1976) திரைப்படத்தில் அவர் நடித்த வேற்றுக்கிரகவாசியோ, தன் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெற்றுப் பெருஞ்செல்வந்தனாகி, ஈற்றில் சிறைப்படுகிறான். மார்க்ஸ் விளக்கிய அந்நியமாதலின் கலைவடிவங்களாகவே இவற்றை நாம் கொள்கிறோம்.

எனினும், 1998இல் தம் பெயரிலேயே இணையச் சேவை தொடங்கிய அதே போவி, அதற்கு முந்திய ஆண்டில் தம் பழைய இசைத்தட்டுகளின் எதிர்கால வருவாயைப் பிணைமுறிகளாக்கி 5.5 கோடி டொலர் பெற்றிருந்தார். இதனைச் சந்தர்ப்பவாதமெனக் கண்டிப்பது எளிது. ஆயின், அப்பணத்தின் ஒரு பகுதி, தம் பாடல்களில் முன்னாள் முகாமையாளர் கொண்டிருந்த உரிமையை மீட்கவே செலவாயிற்று. தன் உழைப்பின் விளைபொருளை மீளப் பெறுதற்கும் உற்பத்தியாளன் சந்தையையே நாட வேண்டியிருந்தது. அந்நியமாதலைப் பாடிய கலையும் அதிலிருந்து விடுபடவில்லை. இம்முரண்பாட்டைத் தனிமனித ஒழுக்கத்திலன்றி உற்பத்தி உறவுகளிலேயே நாம் தேடுதல் வேண்டும்.