பழைய டயலும் புது மீட்டரும்

அமாவாசை இரவு. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் கூட்டத்துக்குள் பழைய காரில் முதல் கியரில் ஊர்ந்து போகிறவருக்கு ஸ்பீடாமீட்டர் எதற்கு? டெம்பரேச்சர் முள் படுத்துக்கொண்டால்தான் ஆபத்து. ரேடியேட்டர் கொதிப்பது தெரியாமலே ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போய்விடும்.

பழைய மீட்டரைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்று வாதிடும் கார்ப் பிரியர்கள் எல்லா மீட்டரையும் ஒரே தராசில் நிறுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஸ்பீடாமீட்டரைப் பழுது பார்ப்பதே சரி. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைத் தொடாமல் கவிந்திருக்கும் அலுமினியக் கிண்ணம் கூடவே இழுபடப் பார்க்கிறது. மெல்லிய சுருள்வில் அதை அடக்கி வைக்கிறது. முள் இந்தக் கிண்ணத்தோடு சேர்ந்தது. அவ்வளவுதான் சங்கதி. முள் துடித்தால் பெரும்பாலும் கேபிள் காய்ந்திருக்கும், இல்லை எங்காவது மடங்கியிருக்கும். கிரீஸை அளவாகப் போட வேண்டும். அள்ளி அப்பினால் அது கேபிள் வழியே ஏறி உள்ளே போய், காந்தத்தையும் கிண்ணத்தையும் ஒட்டவைத்துவிடும். அப்புறம் வண்டி நகர்ந்தாலே முள் கடைசிக் கோட்டில் போய் நிற்கும். இதைப் பார்த்து, ‘மீட்டர் போச்சு சார்’ என்று புதுசு மாட்டுகிறவர்களும் உண்டு.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அதே முகமுள்ள மீட்டர் கிடைத்தாலும் கணக்கு ஒத்துவர வேண்டுமே. ஸ்மித்ஸ் கம்பெனி டயல்கள் பலவற்றின் அடியில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும்: ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பது அது. கியர் விகிதம் வேறான வண்டியின் மீட்டர் வேகத்தைத் தப்பாகத்தான் காட்டும். மைல் டயலைக் கழற்றிவிட்டுக் கிலோமீட்டர் டயலை ஒட்டுவது இன்னும் மோசம். உள்ளே பல்சக்கரம் மாறாததால் ஓடோமீட்டர் மைலையே எண்ணிக்கொண்டிருக்கும்.

பழுது பார்ப்பவர்களும் குற்றமற்றவர்கள் இல்லை. பளபளப்புக்காக டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, அசல் எழுத்தின் வடிவத்தையே மாற்றிவிடுகிறார்கள். ஓடோமீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் வண்டியின் வயசுக்கணக்கே அழிந்தது.

டெம்பரேச்சர் மீட்டர் கதை வேறு. பழைய வகையில் இன்ஜினில் ஒரு குமிழ், அதிலிருந்து நூல் போன்ற குழாய், உள்ளே ஈதர். குழாயில் விரிசல் விட்டால் ஈதர் ஆவியாகி முள் செத்துவிடும். குழாயை மாற்றி மறுபடி ஈதர் அடைக்கத் தெரிந்த கைகள் குறைவு. இங்கே பழைய டயலுக்குப் பின்னால் எலக்ட்ரிக் மீட்டரை ஒளித்துவைப்பதை நான் ஏற்கிறேன். ஆயில் பிரஷருக்கும் அதேதான். முகம் பழசு, உள்ளே புதுசு என்பதை வாங்குபவரிடம் மறைப்பதுதான் மோசடி.

2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதியில், 50 வயது தாண்டிய வண்டியை ‘விஏ’ எண்ணோடு விண்டேஜாகப் பதியலாம்; சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. அந்தப் பட்டியலில் மீட்டர் இல்லை. ஆகவே, கழற்றிய அசல் மீட்டரை ஓடிய தூரத்தோடு குறித்துவைத்து வண்டியோடு கைமாற்றுவது உரிமையாளர் பொறுப்பு.