பாரதி எழுதிய ராகமும் நாம் கேட்கிற ராகமும்

கர்நாடக சங்கீதம் கேட்க ஆரம்பிக்கணும், யாரிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களிடம் மும்மூர்த்திகளோடு பாரதியையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். "அவர் கவிஞராச்சே, மெட்டு போட்டவங்க வேற ஆளுங்கதானே?" என்று உடனே பதில் வரும். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் குறிப்பு.

சொல்லையும் இசையையும் தானே செய்தவரை வாக்கேயகாரர் என்கிறோம். பாரதி அந்தக் கணக்கில் வருவாரா? 'கண்ணன் பாட்டு' நூலைத் திறந்தாலே விடை பாதி கிடைத்துவிடும். 1908 முதல் 1918 வரை அவர் புதுச்சேரியில் இருந்த காலத்துப் பாடல்கள் அவை. 1917இல் பரலி சு. நெல்லையப்பர் பதிப்பித்தார். பல பாடல்களின் தலையில் ராகமும் தாளமும் எழுதியிருக்கும். சிலவற்றில் எந்த ரசத்தில் பாட வேண்டும் என்றும் இருக்கும். 'தீராத விளையாட்டுப் பிள்ளை' கேதாரம், கண்ட ஜாதி ஏக தாளம். 'சுட்டும் விழிச் சுடர்' செஞ்சுருட்டி. 'சின்னஞ்சிறு கிளியே' பைரவி, ரூபகம்.

கடைசிப் பாட்டில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஸ்வர வரிசையையே எழுதித் தருகிறார். ஷட்ஜத்திலேயே நின்று, பஞ்சமத்துக்குத் தாவி, தைவதம் நிஷாதம் தொட்டு, படிப்படியாக ஷட்ஜத்துக்கே இறங்கி வருகிற வரிசை. இதை மாதிரியாக வைத்துக்கொண்டு மனோபாவத்துக்குத் தக்கபடி மாற்றிப் பாடலாம் என்றும் சொல்லியிருக்கிறார். மெட்டு தெரியாதவர் எழுதுகிற குறிப்பா இது?

அவர் எட்டயபுரத்துக்காரர் என்பதை மறந்துவிடக் கூடாது. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்த ஊர் அது. 1904இல் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அங்கேதான் வெளிவந்தது. கீர்த்தனைகளை ஸ்வரப்படுத்தி அச்சில் தந்த பெரிய நூல். சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது பாரதி இரங்கற்பா பாடினார். ஸ்வரம் எழுதும் பழக்கம் அவருக்கு அந்நியமானது அல்ல.

நாம் கேட்கிற 'சின்னஞ்சிறு கிளியே' வேறு. 1951இல் வந்த 'மணமகள்' படத்துக்கு சி.ஆர். சுப்பராமன் அதை ராகமாலிகையாக அமைத்தார். எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடினார்கள். காபியில் தொடங்கி ஒவ்வொரு கண்ணியும் ஒரு ராகத்துக்கு நகரும். அருமையான வேலை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதும், அதன் கண்ணில் நீர் வழிந்தால் பதறுவதும் தனித்தனி நிறத்தில் தெரிகிறது. படத்திலிருந்து கச்சேரி மேடைக்கு அது அப்படியே ஏறியதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஏறிய இடம் எது? துக்கடா. தனி ஆவர்த்தனம் முடிந்து, பாதிப் பேர் செருப்பைத் தேடுகிற நேரம். என் வருத்தம் இங்கேதான். பைரவி துக்கடா ராகம் இல்லை. ஆலாபனை, நிரவல், கல்பனா ஸ்வரம் எல்லாம் தாங்குகிற கனமான ராகம். கச்சேரியின் நடுநாயகமாக வைப்பது. இங்கே வில்லியனூரில் நாகஸ்வரம் வாசிக்கிற பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். சாமி புறப்பாட்டில் பைரவியை எடுத்தால் வீதி திரும்புகிற வரைக்கும் வைக்க முடியாது தம்பி என்றார். அப்படிப்பட்ட ராகத்தைப் பாரதி ஒரு குழந்தைப் பாட்டுக்கு ஏன் கொடுத்தார்?

தலைப்பிலேயே காரணம் இருக்கிறது. பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு சொல்லிய பாட்டு என்கிறார். இப்போது இரண்டு உருப்படிகளைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ஒன்று, சியாமா சாஸ்திரியின் பைரவி ஸ்வரஜதி, 'காமாக்ஷி'. அம்பாளை அம்மாவாக வைத்துக் குழந்தை கூப்பிடுவது. ஒவ்வொரு சரணமும் முந்தையதைவிட உயர்ந்த ஸ்வரத்தில் தொடங்கும். கூப்பிடக் கூப்பிடக் குரல் ஏறுகிற மாதிரி. இன்னொன்று, தீட்சிதரின் 'பாலகோபால'. அதுவும் பைரவி, அதில் தெய்வமே குழந்தை. அம்மாவும் பைரவியில் இருக்கிறாள், குழந்தையும் பைரவியில் இருக்கிறது. பாரதி இரண்டையும் ஒரே ஆளாக்குகிறார். உலகத்தைப் பெற்றவள் மடியில் தவழ்கிறாள். கொஞ்சலுக்கு அடியில் ஒரு கனம் வேணும், அதைப் பைரவி தரும். ராகமாலிகையில் கொஞ்சல் முழுசாக வருகிறது, கனம் நழுவிவிடுகிறது. ராகம் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரே உணர்ச்சிக்குள் ஆழமாக இறங்க நேரமில்லை.

'தீராத விளையாட்டுப் பிள்ளை'யும் இப்படித்தான். மேடைகளில் பெரும்பாலும் ராகமாலிகை. பாரதி கேட்டது ஐந்து எண்ணிக்கைத் தாளம். பழத்தைக் கொடுத்துப் பாதியில் பிடுங்குகிறான், பின்னால் வந்து சடையை இழுக்கிறான் என்று பெண்கள் அடுக்குகிற புகார் அது. 'தகதகிட' என்று கையில் போட்டுக்கொண்டு சொல்லிப் பாருங்கள். ஒரு தட்டு முடிவதற்குள் அடுத்தது வந்து இடறுகிறது. பிள்ளையின் குறும்பு தாளத்திலேயே இருக்கிறது.

சுப்பராமன் செய்தது தப்பு என்று இதற்குப் பொருள் இல்லை. மாற்றிப் பாட உரிமை கொடுத்தவரே பாரதி. அந்த உரிமையைக் கச்சேரி வித்வான்கள் பயன்படுத்தியிருக்கலாம் என்பதுதான் என் கட்சி. 'சங்கீத விஷயம்' கட்டுரையில் பாரதி திட்டியதும் இதைத்தான்: எந்த ஊருக்குப் போனாலும் அதே சில கீர்த்தனைகள், அர்த்தமும் ரசமும் தெரியாமல். அந்தக் கோபத்தோடு சேர்த்துப் படித்தால், கண்ணன் பாட்டின் ராக, ரசக் குறிப்புகள் அலங்காரமாகத் தெரியாது. பாடுகிறவருக்குப் போட்ட கடிதமாகத் தெரியும்.

இன்னொரு புதுச்சேரிப் பாட்டையும் சொல்லணும். பாரதிதாசனின் 'துன்பம் நேர்கையில்'. எம்.எம். தண்டபாணி தேசிகர் தேஷ் ராகத்தில் அமைத்த மெட்டு. அதுவும் 1951இலேயே 'ஓர் இரவு' படத்தில் வந்தது. இரண்டு புதுச்சேரிக் கவிஞர்களின் பாட்டும் ஒரே வருஷத்தில் சினிமா வழியே வந்தது. ஆனால் தேஷ் அந்தப் பாட்டுக்குக் கச்சிதம். யாழ் எடுத்து ஆற்றச் சொல்கிற பாட்டுக்கு மெல்லிய ராகம் போதும், மேலே ஏற்றினால் கெட்டுவிடும். அது துக்கடாவாக இருப்பதில் எனக்குக் குறையே இல்லை. எல்லாத் தமிழ்ப் பாட்டையும் நடுவில் வை என்று நான் கேட்கவில்லை. நடுவில் வைக்கவே எழுதப்பட்டதை வாலுக்குத் தள்ளாதே என்கிறேன்.

எங்கள் பக்கத்தில், பாகூர் வரைக்கும், பள்ளி ஆண்டு விழா என்றால் சின்னஞ்சிறு கிளி இல்லாமல் இருக்காது. பாவாடை கட்டிய பிள்ளைகள் சினிமா மெட்டுக்கு ஆடும். என் தங்கை பொண்ணும் பாட்டு கத்துக்குது. அதுக்கும் காபியிலதான் சொல்லிக்கொடுத்தாங்க. பாரதி கொடுத்த ஸ்வர வரிசையை அதுகிட்ட காட்டினேன். ரெண்டு தடவை தடுக்கிச்சு, மூணாவது தடவை பாடிடுச்சு. பத்து வயசுப் பிள்ளையால் பிடிக்க முடிகிற மாதிரிதான் அவர் எழுதி வைத்திருக்கிறார்.

கேட்க நினைப்பவர்களுக்கு என் வரிசை இது. முதலில் 'காமாக்ஷி' ஸ்வரஜதி, பிறகு 'பாலகோபால'. கேதாரத்துக்குத் தீட்சிதரின் சிதம்பரக் கீர்த்தனை 'ஆனந்த நடன பிரகாசம்'. பைரவியும் கேதாரமும் காதில் ஊறின பிறகு கண்ணன் பாட்டைப் பிரித்து, மேலே போட்டிருக்கிற ராகத்தில் நீங்களே முணுமுணுத்துப் பாருங்கள். எம்.எல்.வி.யின் பாட்டைக் கடைசியாகக் கேளுங்கள். அதன் அழகு குறையாது. அது பல வழிகளில் ஒரு வழி என்பது அப்போது புரியும்.