வென்ற குதிரையை எடைபோடத் தோற்றவற்றைப் பாருங்கள்

1986 ஜூன் 4ஆம் திகதி இங்கிலாந்தின் எப்சம் திடலில் நடந்த டேர்பியை ஷாரஸ்தானி வென்றது. டான்சிங் பிரேவ் அரைக் குதிரை நீளம் பின்னால் இரண்டாவதாக வந்தது. பதிவேட்டில் உள்ளது இவ்வளவுதான். அந்த ஒன்றரை மைல் ஓட்டத்தின் போக்கோ வேறு கதை சொல்கிறது. டான்சிங் பிரேவின் ஜொக்கி கிரெவில் ஸ்டார்க்கி அதைக் கூட்டத்தின் பின்னால் அடக்கியே வைத்திருந்தார். கடைசி நேர்ப்பாதைக்குத் திரும்பும்போதும் அது பின்வரிசையில்தான் நின்றது. பிறகு அவிழ்த்துவிட்டதும் ஒவ்வொன்றாகத் தாண்டி ஷாரஸ்தானியை எட்டிப் பிடிக்கப் போகையில் எல்லைக்கோடு வந்துவிட்டது. கிண்ணம் யாருக்கு என்பதில் சர்ச்சை இல்லை. இரண்டில் எது தரமான குதிரை என்ற கேள்விக்கு அந்த ஓட்டத்துக்குள் மட்டும் தேடினால் விடை கிடைக்காது. வென்ற குதிரையின் தரத்தை, அதனிடம் தோற்றவை பின்னர் மற்ற ஓட்டங்களில் என்ன செய்தன என்பதை வைத்தே நிறுக்க வேண்டும்.

டேர்பி போன்ற கிளாசிக் ஓட்டங்களில் இந்தக் கவனம் கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் வயது. இங்கிலாந்தில் இவை மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமே உரியவை. மும்பாய் மகாலட்சுமியில் ஓடும் இந்தியன் டேர்பி நான்கு வயதுக்கு. வட அரைக்கோளத்தில் எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் ஜனவரி 1இல்தான் வயது கூடும். ஜனவரியில் பிறந்ததும் மே மாதக் கடைசியில் பிறந்ததும் ஒரே வயதாக ஒரே வாயிலில் நிற்கும். 1964 மே 2ஆம் திகதி கென்டக்கி டேர்பியை வென்ற நோர்தேர்ன் டான்சர் பிறந்தது 1961 மே 27இல். மூன்று வயதுக்கான ஓட்டத்தை மூன்று வயது நிறையும் முன்னரே அது வென்றுவிட்டது. டான்சிங் பிரேவும் மே மாதக் குட்டிதான். வளர்ந்துகொண்டிருக்கும் உடம்பை ஒரு பிற்பகலில் அளந்து, இதுதான் இதன் எல்லை என்று முத்திரை குத்துவது அவசரத் தீர்ப்பு.

தரம் நிறுக்கிறவர்கள் முதலில் இடைவெளியைப் பாரமாக மாற்றுகிறார்கள். ஐந்து பர்லாங் ஓட்டத்தில் ஒரு நீளம் ஏறத்தாழ மூன்று இறாத்தலுக்குச் சமம். ஒரு மைலில் அது இரண்டு இறாத்தல் அளவுக்குக் குறையும். ஒன்றரை மைலில் இன்னும் குறையும். ஆனால் ஆறு நீளத்தில் வென்றது என்று சொன்னால் மட்டும் போதாது. எதை ஆறு நீளத்தில் வென்றது என்று கேட்க வேண்டும். 2011இல் 2000 கினீஸ் என்ற கிளாசிக் ஓட்டத்தை ஆறு நீளத்தில் வென்ற பிராங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு ஓட்டங்களிலும் தோல்வியே காணாத குதிரை. சோடை போனவற்றோடு ஓடியிருந்தாலும் பதினான்கு வெற்றி வரலாம் என்று ஒருவர் சொல்லக்கூடும். அதற்கு மறுமொழி எக்ஸலபிரேஷன் என்ற குதிரையிடம் இருக்கிறது. அது பிராங்கலோடு ஐந்து தடவை மோதி ஐந்திலும் தோற்றது. 2012 ரோயல் அஸ்கொட்டில் விழுந்த இடைவெளி 11 நீளம். அதே எக்ஸலபிரேஷன், பிராங்கல் இல்லாத இடங்களில், பிரான்சின் மூலான், ஜாக் லெ மறுவா ஓட்டங்களையும் அஸ்கொட்டின் இரண்டாம் எலிசபெத் மகாராணி ஓட்டத்தையும் வென்றது. மூன்றுமே முதல்தர ஓட்டங்கள். இரண்டாவது வந்தது இப்படிப்பட்டது என்றால் முதலாவது எப்படிப்பட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தூரமும் கணக்கில் வர வேண்டும். 1947இல் டியூடர் மின்ஸ்ட்ரல் ஒரு மைல் தூரமான 2000 கினீஸை எட்டு நீளத்தில் வென்றது. டேர்பியில் பந்தயம் கட்டியவர்களில் பெரும்பாலோர் அதன் பக்கமே சாய்ந்தனர். அங்கே அது நான்காவதாக வந்தது. அதனால் கினீஸ் வெற்றி பொய்யாகிவிடவில்லை. அதன் தரம் ஒரு மைலுக்கு உரியது, ஒன்றரை மைலுக்கு இழுபடவில்லை. திரும்பவும் ஒரு மைலுக்கு வந்தபோது அது வென்றது. டைம்ஃபோர்ம் தரப்பட்டியலில் இன்றும் அதற்கு 144 புள்ளி. பிராங்கலின் 147க்கு மூன்றுதான் குறைவு. ஒரு தோல்வியைக் கண்டதும் குதிரையைக் கழித்துவிடுகிறவர்கள் 2024ஐயும் நினைக்க வேண்டும். அந்த ஆண்டு கினீஸில் ஒன்பதாவதாக வந்த சிட்டி ஒவ் ட்ரோய், அடுத்த மாதமே டேர்பியை வென்றது.

இவ்வளவு சுற்றி வளைப்பது எதற்கு, மணிக்கூட்டைப் பார்த்தால் போதாதா என்பது முதல் ஆட்சேபம். 2010 டேர்பியில் வேர்க்ஃபோர்ஸ் 2 நிமிடம் 31.33 செக்கனில் ஓடி எப்சம் சாதனையை முறித்தது. வெற்றி இடைவெளி ஏழு நீளம். அடுத்த மாதம் அஸ்கொட்டில் அதே குதிரை ஐந்தாவதாக வந்தது. ஒக்ரோபரில் பாரிசின் ஆர்க் ஓட்டத்தில் திரும்பவும் முதலாவது. தரை காய்ந்ததா ஈரமா, முன்னணிக் குதிரை தொடக்கத்தில் விரட்டியதா இழுத்துப் பிடித்ததா என்பவற்றைப் பொறுத்தே நேரம் அமையும். எப்சமின் ஏற்றமும் இறக்கமும் சரிவான வளைவும் வேறு திடலில் இல்லை. நேரம் துணைச் சாட்சி. அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. புள்ளி போடுகிறவர்களும் மனிதர்கள்தானே, அவர்களின் எண் வெறும் அபிப்பிராயம் இல்லையா? இதில் உண்மை உண்டு. 1986இல் சர்வதேச மதிப்பீட்டாளர்கள் டான்சிங் பிரேவுக்கு 141 கொடுத்தனர். 2013 ஜனவரியில் பழைய எண்கள் உயர்த்திப் போடப்பட்டவை என்று சொல்லி அதை 138ஆகக் குறைத்தனர். 140 பெற்ற பிராங்கல் உச்சிக்குப் போனது. இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு எண்ணை மாற்றியதற்குக் கண்டனம் எழுந்ததில் வியப்பில்லை. வெவ்வேறு தலைமுறைக் குதிரைகளை ஒரே படிக்கல்லில் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதை அது காட்டியது. ஆனாலும் ஒரே ஆண்டில், ஒன்றோடொன்று மோதிய குதிரைகளை நிறுக்கும்போது இந்தச் சிக்கல் மிகவும் குறைவு. அங்கே சாட்சிகள் திரும்பத் திரும்பத் திடலுக்கு வருகின்றன.

மூன்றாவது, பந்தயம் என்பதே அன்றைய நாள்தான், ஜொக்கியின் பிழையும் ஆட்டத்தின் பகுதிதான் என்ற வாதம். கிண்ணத்துக்கு அது சரி, தரத்துக்கு அல்ல. வன்னியில் மாட்டுவண்டிச் சவாரி பார்க்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதில்லை. முதலில் வந்த சோடிக்குப் பரிசு போகும். எதிர்ச் சோடி தடம் விலகியதால் கிடைத்த வெற்றியா, நேருக்கு நேர் இழுத்து வாங்கிய வெற்றியா என்று திடலில் நிற்பவர்கள் பிரித்துத்தான் பேசுவார்கள்.

நம் பக்கத்திலும் இந்த அளவுகோலுக்குச் சான்று உண்டு. இந்திய மூன்று மகுடத்துக்கு ஒரு குதிரை இன்றைய அளவில் 1,600, 2,400, 2,800 மீற்றர் ஓட்டங்கள் மூன்றையும் வெல்ல வேண்டும். எழுபதுகளில் அதை வென்ற ஸ்குவாண்டரர், 19 ஓட்டங்களில் 18ஐத் தனதாக்கியது. வெவ்வேறு தூரத்திலும் வெவ்வேறு மாதத்திலும் தன்னை நிரூபித்ததால்தான் அந்தப் பெயர் நிலைத்தது. சென்னை கிண்டிப் பந்தயத் திடல் பற்றிய வழக்கில் 1996இல் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றமும் குதிரைப் பந்தயத்தில் திறமையே முதன்மை என்றது. குதிரையின் தரம் கணித்து அறியக்கூடியது என்பது அதன் அடிப்படை.

இனி 1986க்குத் திரும்பினால் தீர்ப்புச் சொல்லலாம். டேர்பிக்குப் பிறகு ஷாரஸ்தானி அயர்லாந்து டேர்பியை எட்டு நீளத்தில் வென்றது. ஆகவே அது சாதாரணக் குதிரை இல்லை. ஜூலையில் அஸ்கொட்டில் இரண்டும் மோதின: டான்சிங் பிரேவ் முதலாவது, ஷாரஸ்தானி நான்காவது. ஒக்ரோபரில் பாரிசில் ஆர்க் ஓட்டத்திலும் அதே முடிவு. டேர்பிக் கிண்ணம் ஷாரஸ்தானிக்கு உரியது. அந்த ஆண்டின் தலைசிறந்த இளங்குதிரை டான்சிங் பிரேவ். அடுத்த ஜூனில் டேர்பி வென்ற குதிரையை ‘நூற்றாண்டின் குதிரை’ என்று யாராவது எழுதினால், ஒக்ரோபர் வரை பொறுத்திருந்து, இரண்டாவதும் மூன்றாவதும் வந்தவை அதுவரை எதை வென்றன என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.