அக்குவேறு ஆணிவேறாக ஒரு ஹெரால்ட்

பழைய கார் ஒன்றை உயிர்ப்பிக்க ஆசை என்று யார் வந்து சொன்னாலும் நான் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்வேன். ஸ்டாண்டர்டு ஹெரால்ட். அம்பாசடரின் கம்பீரம் எனக்குப் பிடிக்கும், பத்மினியின் சுறுசுறுப்பும் பிடிக்கும், தெருவில் மோரிஸ் மைனர் போனால் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். இருந்தாலும் ஹெரால்டின் அழகு தனி, குணமும் தனி. ஸ்பேனர் செட்டும் பொறுமையும் இருந்தால் அந்த வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, துருவை அறுத்தெறிந்து, மறுபடி கோத்து ரோட்டில் விட்டுவிடலாம். நான் அதைச் செய்து பார்த்தேன். இவ்வளவு சந்தோஷமாக வேறெந்த வேலையையும் நான் செய்ததில்லை.

எங்களுடையது பெரியப்பா வாங்கிய இரண்டு கதவு ஹெரால்ட். அவர் காலமான பிறகு தாம்பரம் வீட்டுக் கொல்லையில், மாமரத்தடியில், தார்ப்பாய்க்குள் பல வருடம் கிடந்தது. எத்தனையோ பேர் விலைக்குக் கேட்டும் பெரியம்மா ஒப்பவில்லை. "உங்க பெரியப்பா பேரைச் சொல்ல இது ஒண்ணாவது இருக்கட்டும்டா" என்று சாவியை என் கையில் கொடுத்தார். தொட்ட இடமெல்லாம் துரு உதிர்ந்தது. தரையில் இருந்த ரப்பர் மேட்டைத் தூக்கினால் கீழே மண் தெரிந்தது. எனக்கு அந்த நிமிடமே வண்டியைப் பிரிக்க வேண்டும்போல் கை துறுதுறுத்தது.

ஹெரால்ட் பிறந்த கதை தெரிந்தால் அதன்மேல் இன்னும் பிரியம் வரும். 1950களில் கார் கம்பெனிகள் சேஸியும் பாடியும் ஒன்றாகச் சேர்ந்த மோனோகாக் அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய வழியில்லாமல் போனதால், தனி சேஸி செய்து, அதன்மேல் வெவ்வேறு இடங்களில் தயாரான துண்டுகளை போல்ட் போட்டு முடுக்குவது என்று முடிவெடுத்தார்கள். உருவம் கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி. 1959இல் டிரையம்ப் ஹெரால்டாக இங்கிலாந்தில் வெளிவந்தது, 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக நம் சென்னையில் தயாரானது. பிற்பாடு நான்கு கதவு ஹெரால்டையும் இங்கே செய்தார்கள். இங்கிலாந்துக்காரர்களுக்கே கிடைக்காத ஹெரால்ட் அது! கல்கத்தா அம்பாசடர், பம்பாய் ஃபியட் என்று பேசுகிறவர்கள் மெட்ராஸ் ஹெரால்டை மறந்துவிடும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

அன்றைக்கு வேறு வழியில்லாமல் போட்ட அந்த போல்ட்டுகள்தான் இன்றைக்கு நமக்கு வரம். பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் கொக்கிகளை விடுவித்தால் பானெட்டோடு இரண்டு மட்கார்டுகளும் ஹெட்லைட்டுகளும் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். இன்ஜின், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே கார்பரேட்டரைத் திறக்கலாம். குனிய வேண்டாம், கையை எங்கும் நுழைத்துத் தடவ வேண்டாம். கூரையைக்கூட போல்ட் கழற்றித் தனியாகத் தூக்கி வைக்கலாம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிங்கரிங் வேலைக்கு ஒரு பாய் கிடைத்தார். சிறு வயதிலிருந்தே தகடு தட்டுகிறவர். வந்ததும் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, பழைய துணியில் சுற்றி, வண்டி முழுக்க ஓட்டினார். காந்தம் ஒட்டிய இடத்தில் இரும்பு இருக்கிறது. நழுவி விழுந்த இடத்தில் பட்டிதான் இருக்கிறது. கதவின் அடிப்பாகம், முன்கண்ணாடி ரப்பரின் கீழ் விளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், பின் மட்கார்டு வளைவு என்று காந்தம் வரிசையாக நழுவியது. யாரோ எப்போதோ துருவின்மேல் பட்டி அப்பி பெயின்ட் அடித்திருந்தார்கள். சீழ்ப் புண்ணின்மேல் பவுடர் பூசுவதைப் போன்ற வேலை அது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், பட்டியை உள்ளிருந்தே நெம்பித் தள்ளிவிடும். அதற்குள் மழைநீர் போய் உட்கார்ந்தால் அடுத்த துருவுக்கு அச்சாரம் கொடுத்தாயிற்று.

"தம்பி, துருவுல மட்டும் இரக்கம் பாக்கக் கூடாது. நல்ல இரும்பு பளிச்சுனு தெரியிற வரைக்கும் வெட்டிக்கிட்டே போகணும்" என்றார் பாய். மீட்டெடுப்பு வேலையின் மொத்த ரகசியமும் இந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டது என்றே சொல்வேன்.

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய முக்கியமான காரியம் ஒன்று உண்டு. கதவு வாசலின் குறுக்கே இரும்புப் பட்டைகளை வைத்து பற்றவைத்துவிட வேண்டும். ஹெரால்டின் பலமெல்லாம் சேஸியில் இருக்கிறது. அதன்மேலிருந்து தூக்கியதும் துருப்பிடித்த பாடி நடுவில் மடங்கப் பார்க்கும். அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் பொருந்தாது. பட்டை போட்டு, போல்ட்டுகளில் துருநீக்கி எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மைத்துனர்களும் அவர்கள் நண்பர்களுமாகச் சேர்ந்து பாடியைத் தூக்கியபோது சேஸி தனியே தரையில் கிடந்தது. நடுவில் இரண்டு தண்டவாளம், பக்கவாட்டில் நீளும் கைகள். நடுத்தண்டு திடமாக இருந்தது. பின்பக்கம் டிக்கியைத் தாங்கும் கைகள் மட்டும் அப்பளமாகப் பொரிந்திருந்தன. அவற்றைப் புதிதாகச் செய்து போட்டோம்.

தரைத்தகட்டுக்கு பாய் 18 கேஜ் தகட்டை எடுத்துக்கொண்டார். ஹெரால்டின் தரை வெறும் தட்டைத் தகடு கிடையாது, விறைப்புக்காக அதில் பள்ளக்கோடுகள் இருக்கும். அதே கோடுகளை மரக்கட்டையில் வைத்துச் சுத்தியலால் தட்டியே அவர் வரவழைத்தார். அந்தத் தாளம் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பற்றவைப்பதற்கு சி.ஓ.டூ வெல்டிங். மெல்லிய தகட்டில் ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் நெளிந்துவிடும். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, ஆறவிட்டு மறுபடி நடுவில் ஒரு புள்ளி என்று பொறுமையாகச் சேர்க்க வேண்டும். பில்லர் ஓரத்தில் அவர் போட்ட ஒட்டுகளைத் தேய்த்த பிறகு விரலால் தடவிப் பார்த்தேன். ஒட்டு எங்கே என்று என்னால் சொல்ல முடியவில்லை. கலைஞன் என்று சொல்ல ஒருவர் உண்டென்றால் அவர்தான்.

சின்னச் சாமான்களின் துருவை எடுக்க எனக்கு மிகவும் பிடித்த வழி சலவை சோடா. பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர், அதில் சோடா, பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த சாமானை நெகட்டிவ் முனையிலும் ஒரு வேண்டாத இரும்புத் துண்டை பாசிட்டிவ் முனையிலும் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். காலையில் எடுத்தால் துரு கறுத்துப்போய் பிரஷ்ஷில் வந்துவிடும், நல்ல இரும்பு துளிகூடத் தேயாது! கதவுக் கீல், பானெட் கொக்கி, பிராக்கெட் எல்லாம் இப்படித்தான் பிழைத்தன. எவர்சில்வரை மட்டும் பாசிட்டிவ் முனையில் மாட்டக் கூடாது, அதிலுள்ள குரோமியம் நச்சாகத் தண்ணீரில் இறங்கும். வெளிவருவது ஹைட்ரஜன் வாயு என்பதால் காற்றோட்டமான இடம் வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. பெரிய தகடுகளில் எஞ்சிய பொடித்துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் போதும்.

மெக்கானிக்கல் பக்கம் அதிகம் சொல்ல மாட்டேன். 948 சி.சி. இன்ஜின் எளிமையான இன்ஜின், நல்ல லேத் பட்டறை இருந்தால் சரியாகிவிடும். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஹெரால்ட் வைத்திருக்கும் எல்லோரிடமும் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும். முன்சக்கர சஸ்பென்ஷனின் அடியில் ட்ரன்னியன் என்று ஒன்று இருக்கிறது. வெண்கலத்தில் செய்தது, அதற்குள் மரை போட்ட எஃகுத் தண்டு திரும்பும். அதற்குக் கிரீஸ் அடிக்காதீர்கள், 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் மரை முழுக்கப் பரவாது. மழைநீர் உள்ளே தங்கி, தண்டு துருப்பிடித்து, ஒருநாள் முறிந்து, சக்கரம் மடங்கி விழும். இன்னொன்று, இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் சீக்கிரம் இளகிவிடும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாகப் பார்த்து மாற்றிவிடுங்கள்.

பெயின்டுக்கு வருவோம். பழைய முறையிலேயே என்.சி. பெயின்ட்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். புதிய பி.யூ. பெயின்ட் உழைக்கும், உண்மைதான். ஆனால் என்.சி. பெயின்டைக் கையால் தேய்த்துத் தேய்த்து எடுக்கும் மினுமினுப்பில் ஓர் ஆழம் இருக்கிறது, அது 1960களின் மினுமினுப்பு. மழைக்காலத்து ஈரக்காற்றில் அடித்தால் பரப்பு வெள்ளை பூத்துப்போகும் என்பதால் பங்குனி வெயிலுக்காகக் காத்திருந்தோம். எபாக்ஸி பிரைமர், அதன்மேல் காகிதக் கனத்துக்கு மட்டும் பட்டி, தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பர் தேய்ப்பு, பிறகு கோட்டுமேல் கோட்டாக வெளிர் நீலம். ஆர்.சி. புத்தகத்திலும் நீலம் என்றே இருந்ததால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. கடைசியாக இரண்டாயிரம் நம்பர் பேப்பரும் ரப்பிங் காம்பவுண்டும். வால் நுனிபோல் கூராக நீளும் அந்தப் பின் மட்கார்டில் கொல்லைத் தென்னை மரம் தலைகீழாகத் தெரிந்தபோது நான் கைதட்டிவிட்டேன்.

வெளியழகைவிட உள்வேலையில்தான் நான் அதிகம் கிறங்கிப்போனேன். சீட்டுக்குள் எப்போதோ திணித்த தேங்காய் நார் பொடியாகக் கொட்டியது. ஃபிரேமைச் சுத்தம் செய்து, ஸ்பிரிங் பார்த்து, புது ஃபோம் வைத்தோம். ரெக்ஸினுக்காக ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பழைய சீட்டின் மடிப்புக்குள் வெயில் படாத ஒரு துண்டு அசல் சிவப்பாகவே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டு ஒப்பிட்டு, அதே சிவப்பை, அதே மணிமணியான பரப்போடு கண்டுபிடித்தேன். தையற்காரர் ஓரங்களில் வெள்ளைப் பைப்பிங் வைத்துத் தைத்தார். பைப்பிங் ஒரு நூல் இழை கோணினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைத்தார். அவருக்கு என் நன்றி.

கதவுப் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. ஜன்னல் கண்ணாடி ஓரமாக மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், எல்லாக் காருக்கும் அப்படித்தான். கதவின் அடியில் அது வடிய ஓட்டைகள் உண்டு. அந்த ஓட்டைகள் அடைத்தால் கதவு உள்ளிருந்து அரிக்கும். ஹார்ட்போர்டு பலகைக்குப் பின்னால் பாலிதீன் தாள் ஒட்டாவிட்டால் பலகை ஊறி உப்பிவிடும். கடையில் பளபளப்பாகச் செய்து தருகிறவர்கள் பலர் இந்தத் தாளை மறந்துவிடுகிறார்கள். கேட்டு வாங்குங்கள். நான் கதவின் உட்புறத்திலும் சேஸியின் பொந்துகளிலும் உருக்கிய மெழுகுக் கலவையைப் பீய்ச்சி அடித்துவிட்டேன். கடற்கரை ஊருக்கு இது கட்டாயம்.

பாடியைச் சேஸிமேல் இறக்கி, இடையில் ஷிம் தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் கதவு இடுக்குகளைச் சமப்படுத்திய நாளில் பாய் கதவை ஒற்றை விரலால் தள்ளினார். கிளிக். கேட்க வேண்டுமே அந்தச் சத்தத்தை!

ஓட்டும் சுகத்துக்கு ஈடே இல்லை. முதல் கியரில் சிங்க்ரோ கிடையாது, வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும், அதைப் பழகிக்கொள்வதே ஆனந்தம். 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். மேற்கு தாம்பரத்துச் சந்துகளில் இன்றைய சிறிய கார்கள் முன்னும் பின்னும் தவிக்கிற இடத்தில் ஹெரால்ட் ஒரே மூச்சில் வளைந்து வெளியே வருகிறது. நாற்புறமும் கண்ணாடி, மெல்லிய பில்லர்கள், உள்ளே வெளிச்சமோ வெளிச்சம். பெரியம்மா முன்சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலை இறக்கிவிட்டு, காஞ்சிபுரம் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார்.

உங்களுக்குத் தெரிந்த வீட்டில் ஒரு ஹெரால்ட் நின்றால் தாமதிக்காதீர்கள். காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். பாடியின் துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதெல்லாம் வெட்டி ஒட்டக்கூடியது. வண்டிக்கு அடியில் படுத்துச் சேஸியின் நடுத்தண்டைத் தட்டிப் பாருங்கள். ஆர்.சி.யில் இருக்கும் சேஸி நம்பரும் வண்டியில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். பதிவாகி 50 வருடம் தாண்டிய கார்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்துகொள்ள 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. அதனால் பழைய பதிவு உயிரோடு இருந்தால் அதையே புதுப்பித்துக்கொள்வது நல்லது. தண்டு திடமாக, நம்பர் சரியாக, காகிதம் சுத்தமாக இருந்தால் தயங்காமல் வாங்கிவிடுங்கள்.